சட்டி நிறையட்டும், சோறு குறையட்டும்

கேள்வி: எங்கள் வீடு ஒட்டுசுட்டான் பக்கம். மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன லபரடோர் கலப்பு நாய் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெயர் ரோசி, பெட்டை, ஏழு வயது. இந்த இரண்டு வருடத்துக்குள் நன்றாகக் கொழுத்துவிட்டாள். அரிசி ஆலைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 38 கிலோ. படலைவரை போய் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. படுத்து எழும்பும்போது பின்கால் தடுமாறுகிறது. காலையில் கால் றாத்தல் பாணும் பால் தேத்தண்ணீரும், மத்தியானம் ஒரு பெரிய கோப்பை சோறும் மீன் குழம்பும், இரவில் பிட்டும் சொதியும் வைக்கிறோம். இடையில் பேரப்பிள்ளைகள் விசுக்கோத்து கொடுப்பார்கள். குட்டி போடாமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. உடம்பைச் சொறிந்தால் அதற்கும் ஓர் ஊசி. எல்லாரும் "சாப்பாட்டைக் குறையுங்கோ" என்கிறார்கள். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். வாயில்லாச் சீவன் சட்டியை நக்கிவிட்டு முகத்தைப் பார்க்கும்போது எப்படிக் குறைப்பது? பட்டினி போடாமல் மெலிய வைக்க வழி இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள அம்மா,

வழி இருக்கிறது. ரோசியைப் பட்டினி போடவே வேண்டாம். அவளுடைய சட்டி இப்போது இருப்பதைவிட நிறைவாகக்கூட இருக்கலாம். அதற்குள் என்ன கிடக்கிறது என்பதைத்தான் மாற்றப் போகிறோம்.

உங்கள் கடைசி வரிகளை முதலில் எடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களிடம் "குறையுங்கோ" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், வீட்டுக்குப் போய்க் குறைக்க மாட்டார்கள். அதைப் பிடிவாதம் என்று நான் நினைப்பதில்லை. பசியை உடம்பால் அறிந்தவர்கள், இடம்பெயரும் நேரம் வளவில் நாயை அவிழ்த்துவிட்டு வந்ததை இன்றைக்கும் மறக்காதவர்கள், வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பார்கள்? அதனால் உங்களையும் அந்த ஒரு சொல்லோடு அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

ஆனால் ரோசி உங்கள் முகத்தைப் பார்ப்பதெல்லாம் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லபரடோர் இனத்துக்கு இது பிறவிக் குணம். 2016 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு, ஏறக்குறைய நான்கு லபரடோர்களில் ஒன்றுக்கு இல்லாமல் இருக்கிறது. அது இல்லாத நாய்க்கு வயிறு நிரம்பிவிட்டது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. வைத்ததைத் தின்று முடித்த உடனே திரும்பவும் கேட்கும். ரோசி கலப்பு என்றாலும் அந்தக் குணம் அவளிடமும் இருக்கலாம். ஆகவே அவள் கேட்கிறாளா இல்லையா என்பதை வைத்துச் சாப்பாட்டின் அளவைத் தீர்மானிக்க முடியாது. தராசை வைத்துத்தான் தீர்மானிக்கலாம்.

லபரடோர் பெட்டை பொதுவாக 25 முதல் 32 கிலோவுக்குள் இருக்கும். ரோசிக்கு இப்போதைக்கு 28 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் பத்துக் கிலோவை மேலதிகமாகச் சுமக்கிறாள். அந்தப் பாரம் முதலில் இறங்குவது இடுப்பிலும் முழங்காலிலும்தான். பின்கால் தடுமாறுவது அதனால் இருக்கலாம். லபரடோர்கள் 48 ஐக் குட்டிப் பருவத்தில் இருந்து சாகும்வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2002 இல் வெளிவந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 வீதம் குறைத்துச் சாப்பாடு வைத்தார்கள். குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வருத்தமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. ரோசிக்கு ஏழு வயது. இப்போது தொடங்கினாலும் அவளுக்குப் பலன் உண்டு.

கொழுப்பு எவ்வளவு என்று நீங்களே கையால் பார்க்கலாம். உங்கள் ஒரு கையை மேசையில் விரித்து, புறங்கை மேலே இருக்க வையுங்கள். மற்றக் கையின் விரல் நுனியால் அந்தப் புறங்கை எலும்புகளின் மேல் மெல்லத் தடவுங்கள். நல்ல உடம்புள்ள நாயின் விலாவைத் தடவினால் அப்படித்தான் எலும்பு தட்டுப்பட வேண்டும். இப்போது கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையை அழுத்திப் பாருங்கள். ரோசியின் விலா அப்படி மெத்தென்று இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு அவளை நிற்கவிட்டு மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்ளே ஒடுங்க வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தால் வயிறு பின்காலை நோக்கி மேலேறிப் போக வேண்டும். வைத்தியர்கள் இதையே ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளியிட்டுச் சொல்வார்கள். நாலும் ஐந்தும் நல்ல உடம்பு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ரோசி எட்டில் நிற்கிறாள்.

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்னால் அவளை வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதை நான் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய இரண்டு ஊசிகளைப் பற்றி எனக்கு உண்மையான கவலை இருக்கிறது.

குட்டி போடாமல் இருக்கப் போடும் ஊசி ஒரு ஹோர்மோன். மலிவு, உடனே வேலை செய்யும், அதனால் எங்கும் போடுகிறார்கள். ஆனால் அது நாயின் பசியைக் கூட்டி, உடம்பைக் கொழுக்க வைக்கும். நீரிழிவு வரும் வாய்ப்பையும் முலைக் கட்டிகள் வரும் வாய்ப்பையும் கூட்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து, கருப்பைக்குள் சீழ் கட்டுவது. சீழ் நிறைந்த கருப்பை வயிற்றைப் பெருக்கும். பார்ப்பவர்கள் "நல்லாக் கொழுத்திட்டுது" என்பார்கள். ரோசி வழமையைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறாளா, பின்பக்கத்தால் ஏதாவது கசிகிறதா, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறாளா, சோர்ந்து படுக்கிறாளா என்று இன்றைக்கே கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கொண்டு போங்கள். சீழ் கட்டிய கருப்பை நாளைவரை காத்திருக்காது. அப்படி எதுவும் இல்லை என்றால், அடுத்த ஊசித் தவணை வரும்போது போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கருப்பையை எடுக்கும் சத்திரசிகிச்சைதான் நிரந்தரத் தீர்வு. கொழுத்த நாய்க்கு மயக்க மருந்தும் சத்திரசிகிச்சையும் சிரமம் என்பதால், சில கிலோ இறங்கியபின் செய்யலாமா என்று வைத்தியரோடு பேசித் தேதி வையுங்கள். அதுவரை அவள் பருவத்துக்கு வந்தால் மூன்று கிழமை படலையைப் பூட்டி, கட்டியோ அறைக்குள்ளோ வைத்திருக்க வேண்டிவரும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நாய்க்குத் தேவையான சாப்பாடு இன்னும் குறையும், பசி கூடும். அதை இப்போதே மனதில் வையுங்கள்.

சொறிக்குப் போடும் ஊசி பெரும்பாலும் ஸ்டீரொயிட். போட்ட அன்றே சொறி நிற்கும், அதனால் எல்லாருக்கும் பிடிக்கும். அதுவும் பசியையும் தாகத்தையும் கூட்டும். அடிக்கடி போட்டால் வயிறு தொங்கும், தோல் மெலியும், தசை கரையும். எங்கள் ஊர் நாய்களின் சொறிக்குப் பெரும்பாலும் தெள்ளும் உண்ணியும்தான் காரணம். அவற்றுக்கு மருந்து போட்டு, படுக்கிற சாக்கையும் கழுவி வெயிலில் காயவிட்டால் பல நாய்களுக்கு ஊசியே தேவைப்படாது. ஆனால் வைத்தியர் ஸ்டீரொயிட் குளிசை தந்து அவள் தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்தால், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எந்தெந்த ஊசி எப்போது போட்டது என்று அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள்.

வைத்தியர் வேறு சிலவற்றையும் பார்ப்பார். தைரொயிட் சுரப்பி மந்தமாக இருந்தால் சாப்பாடு கூடாமலே நாய் கொழுக்கும், சோம்பிக் கிடக்கும், இரண்டு பக்க விலாவிலும் வாலிலும் மயிர் உதிரும். அது இரத்தப் பரிசோதனையில் தெரியும். அதற்கு இரத்தத்தை வெளியூர் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டி வரலாம். முதுகும் விலாவும் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருந்தால் அது கொழுப்பு இல்லை, இருதயத்தாலோ ஈரலாலோ கட்டிய நீராக இருக்கலாம். பல் முரசு வெளிறி இருப்பதும் இருமலும் அந்தப் பக்கத்தைக் காட்டும் அறிகுறிகள். அப்படி ஒரு நோய் இருக்கும்போது சாப்பாட்டைக் குறைத்து நடக்க வைத்தால் நன்மைக்குப் பதிலாகக் கேடுதான் வரும்.

உங்கள் பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாயையும் பார்ப்பார்கள். மாடு, ஆடு, கோழி என்று வெளியில் அலைகிறவர்கள், அதனால் முதலில் தொலைபேசியில் நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். ஓட்டோவில் கொண்டு போவதானால் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.

சரி, இனிச் சாப்பாடு.

நாய்க்கு ஒரு நாளுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கிட ஒரு லேசான முறை உண்டு. இருக்க வேண்டிய நிறையை 30 ஆல் பெருக்கி, 70 ஐக் கூட்டுங்கள். இப்போதைய 38 ஐ எடுக்கக் கூடாது, 28 ஐத்தான் எடுக்க வேண்டும். ரோசிக்கு 910 வருகிறது. இன்னும் நுணுக்கமான கணக்கு 850 பக்கம் காட்டும். ஆக, மெலிய வேண்டிய காலத்தில் நாளுக்கு 850 முதல் 900 கலோரி.

இப்போது நீங்கள் வைப்பதைப் பாருங்கள். கால் றாத்தல் பாணில் ஏறக்குறைய 300. பால்மாவும் சீனியும் போட்ட தேத்தண்ணீரில் 100 அளவில். பெரிய கோப்பைச் சோறு 400 கிராம் என்றால் 520. மீன் குழம்பின் தேங்காய்ப்பாலில் 150 என்று வையுங்கள். இரவு பிட்டில் 400, மேலே ஊற்றும் சொதியில் 80. விசுக்கோத்து சிறியது என்றாலும் ஒன்றில் இருபதுக்கு மேல். எல்லாம் கூட்டினால் 1600 ஐத் தாண்டும். தேவையானதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இவ்வளவுக்கும் நீங்கள் வேளைக்கு ஒரு சாப்பாடுதான் வைக்கிறீர்கள், எதுவும் அளவுக்கு மிஞ்சியதாகத் தெரியவில்லை. கோப்பையின் அளவு எங்களை ஏமாற்றுகிறது, காரணம் அதுதான். ஒரு சுண்டு அரிசி சுமார் 200 கிராம். அதில் மட்டும் 700 கலோரிக்கு மேல் இருக்கிறது. தேங்காய்ப்பூவோ, அதே நிறைச் சோற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சக்தி கொண்டது. பிட்டு மாவும் தேங்காயும் சேர்ந்தது என்பதால் ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டு அவளுக்கு அரை நாள் சாப்பாட்டுக்குச் சமம்.

புதுச் சட்டி இப்படி இருக்கட்டும். அவித்த சோறு 200 கிராம். தோல் நீக்கி அவித்த கோழி இறைச்சி, எலும்பில்லாமல் 200 கிராம். ஒரு அவித்த முட்டை. அவித்த மரக்கறி 250 கிராம்: பூசணிக்காய், பயற்றங்காய், போஞ்சி, கரட், நீத்துப்பூசணி, எது மலிவோ அது. ஒரு தேக்கரண்டி எண்ணெய். எல்லாம் சேர்ந்து 800 க்குக் கிட்ட வரும். இது நாள் முழுவதற்கும் உரியது. இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் வையுங்கள். மரக்கறியை இன்னும் ஒரு பிடி கூட்டினாலும் கவலை இல்லை. அவித்த பூசணி 100 கிராமில் இருபது கலோரிதான். சட்டி நிறையும், வயிறும் நிறையும். உங்கள் கேள்விக்கு நான் சொல்லும் பதிலின் சாரம் இதுதான். சோற்றின் இடத்தை இறைச்சியும் மரக்கறியும் பிடிக்க வேண்டும். இறைச்சியின் புரதம் நாய் மெலியும்போது தசை கரையாமல் பார்த்துக்கொள்ளும், பசியையும் நெடுநேரம் அடக்கி வைக்கும்.

கோழி விலைக்கு ஒவ்வொரு நாளும் கட்டாது என்று எனக்குத் தெரியும். முல்லைத்தீவில் இருந்து வரும் சூடை, கீரி போன்ற சின்ன மீன்களை அவித்து, முள்ளை எடுத்துவிட்டு அதே அளவு சேர்க்கலாம். அவற்றில் எண்ணெய் இருப்பதால் அந்த நாள்களில் தேக்கரண்டி எண்ணெயை விட்டுவிடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். அவளுக்கு என்று தனியாக, உப்பும் தூளும் போடாமல் அவியுங்கள். குழம்பிலும் சொதியிலும் வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன. அவை நாயின் இரத்தத்தில் உள்ள செங்குழியங்களை உடைக்கும். பெரிய அளவில் உள்ளே போனால் நாய் சோகை பிடித்து விழும். ஆகவே குழம்பை நிறுத்துவது மெலிவதற்கு மட்டும் அல்ல. அவித்த கோழி எலும்பையும் கொடுக்க வேண்டாம், சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

ஒரு முக்கியமான விடயம். வீட்டுச் சாப்பாட்டில் கல்சியமும் சில உயிர்ச்சத்துகளும் நாய்க்குப் போதாது. சாப்பாட்டைக் குறைக்கும்போது அந்தக் குறை இன்னும் கூடும். அவளுக்கு எந்தக் கல்சிய, உயிர்ச்சத்துத் தூள், எவ்வளவு என்று வைத்தியரிடமே கேட்டு வாங்குங்கள். மகன் பணம் அனுப்புவதாக இருந்தால், நாய் மெலிவதற்கென்றே தயாரித்த மருத்துவ உணவு கொழும்பில் கிடைக்கும். அதில் இந்தத் தூள் தொல்லை இல்லை. ஆனால் சாதாரண நாய் உணவை வாங்கி அதன் அளவைப் பாதியாக்குவது சரிவராது, சத்தும் பாதியாகிவிடும்.

பழைய சாப்பாட்டில் இருந்து புதியதற்கு ஒரு கிழமை பத்து நாள் எடுத்து மாறுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால்வாசி புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால்வாசி. ஒரேயடியாக மாற்றினால் வயிற்றால் போகும். அளப்பதற்கு ஒரே கோப்பையை ஒதுக்கி வையுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. கண்மட்டில் போடும் சோறு கையில் இரக்கம் ஏறும்போதெல்லாம் கூடிக்கொண்டே போகும்.

அடுத்தது, சட்டிக்கு வெளியே நடப்பது. ரோசி நடக்கவே சிரமப்படுகிறாள் என்றாலும் வளவுக்குள் சுற்றுவாள்தானே. மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்குத் தண்ணீர், கோழிக்கு எறிந்த குறுணல், கிணற்றடியில் கழுவக் கிடக்கும் சட்டி பானை, இவை எல்லாவற்றையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். புண்ணாக்கு வாளி ஒரு நாளையில் இவ்வளவு முயற்சியையும் கெடுத்துவிடும். மாம்பழக் காலத்தில் விழும் பழங்களையும் பொறுக்கிவிடுங்கள். இனிப்பும் கூடாது, கொட்டையை விழுங்கினால் குடலும் அடைபடும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள். "நாய்க்கு வருத்தம், வைத்தியர் சாப்பாடு எழுதித் தந்திருக்கிறார்" என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அன்னதான நாள்களில் ரோசியைக் கட்டிப் போடுங்கள்.

பேரப்பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். நாய்க்குக் கையால் கொடுப்பது அவர்களுக்கும் அவளுக்கும் சந்தோசம். காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளரிக்காய்த் துண்டும் அவித்த போஞ்சித் துண்டும் கரட்டும் போட்டு வையுங்கள். நாள் முழுக்கக் கொடுக்க அது மட்டும்தான், முடிந்தால் முடிந்ததுதான். கையால் கொடுப்பதெல்லாம் சேர்ந்து அவளுடைய நாள் கணக்கில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. கொடுப்பதற்கு முன் "இரு" என்று சொல்லி இருக்கப் பழக்கச் சொல்லுங்கள். இருந்து எழும்புவது அவளுடைய பின்காலுக்கு ஒரு சின்ன அப்பியாசம். நோவு இருந்தால் மட்டும் வேண்டாம்.

அவள் முகத்தைப் பார்க்கும் நேரம் வரும், வராமல் இருக்காது. அப்போது எழும்பிப் போய் அவளைத் தடவுங்கள், மயிரைச் சீவிவிடுங்கள், படலைவரை கூட்டிப் போங்கள். நாய் கேட்பதில் பாதி, உங்கள் கவனம். நீங்கள் சாப்பிடும்போது அவளை வெளியில் விட்டுக் கதவைச் சாத்துவது, அவளுக்கும் உங்களுக்கும் உதவி.

நடை விடயத்தில் அவசரம் வேண்டாம். ஓட விடாதீர்கள், பந்து எறிய வேண்டாம். கொழுத்த நாயின் முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார் ஒரு துள்ளலில் அறுந்துவிடலாம். வைத்தியர் சரி என்றபின் காலையும் மாலையும் பத்து நிமிடம், கயிற்றில் பிடித்து, சமமான ஒழுங்கையில் மெதுவாக. கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணித்தியாலம்வரை கொண்டு வரலாம். காலையில் ஆறரைக்கு முன், மாலையில் வெயில் தாழ்ந்தபின். நாய்க்கு எங்களைப் போல் உடம்பு முழுதும் வேர்ப்பதில்லை, மூச்சு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கொழுப்பு அந்தச் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். சோளகம் வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் நடந்த கொழுத்த நாய் அன்றைக்கே செத்துப் போகலாம், நான் கூட்டிச் சொல்லவில்லை. இளைப்பு நிற்காமல், நாக்கும் முரசும் கடுஞ்சிவப்பாகி, தள்ளாடினால் நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே வைத்தியரிடம் கொண்டு போங்கள். தார் வீதியில் புறங்கையை வைத்து ஏழு செக்கன் பொறுக்க முடியவில்லை என்றால் அவளுடைய பாதத்துக்கும் அது சுடும்.

மூட்டு நோவுள்ள நாய்க்கு நீச்சல் நல்லது என்று எங்காவது வாசித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. குளத்திலும் வாய்க்காலிலும் இறக்க வேண்டாம். அதேபோல் பொழுதுபட்டபின் வரம்பால் நடக்காதீர்கள், புடையன் கிடக்கும். அறியாத பற்றைக் காணிகளுக்குள் கயிற்றை அவிழ்த்தும் விடாதீர்கள். திரும்பி வந்ததும் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

பின்கால் நோவுக்கு வீட்டில் இருக்கும் குளிசை எதையும் கொடுக்காதீர்கள். எங்களுக்குப் பழக்கமான டைக்ளோபெனாக், இபுபுரோபன் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பனடோலும் வேண்டாம். நாய்களுக்கென்றே நோவு மருந்து இருக்கிறது, வைத்தியர் தருவார். சீமெந்து நிலத்தில் வழுக்காமல் எழும்ப அவள் படுக்கும் இடத்தில் ஒரு சாக்கை விரித்து விடுங்கள். மெலியத் தொடங்கியதும் அந்தக் காலில் மாற்றம் தெரியும். நாலைந்து கிலோ இறங்கினாலே பல நாய்கள் முன்னையதைவிட லேசாக எழும்பும்.

நிறை பார்ப்பதற்கு அரிசி ஆலைத் தராசு அருமையான யோசனை. நெல் மூடை நிறுக்கும் தராசில் நாய் நிமிர்ந்து நிற்க இடம் இருக்கும். எப்போதும் அதே தராசு, காலைச் சாப்பாட்டுக்கு முன், கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். கிழமைக்கு உடம்பு நிறையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வீதம் இறங்குவது நல்ல வேகம். ரோசிக்கு அது இரண்டு கிழமையில் முக்கால் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ. அதைவிட வேகமாக இறங்கினால் சந்தோசப்படாதீர்கள், சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஏனென்றால் தசை கரைகிறது. இந்தக் கணக்கில் 28 க்கு வர ஏழு எட்டு மாதம் எடுக்கலாம். இரண்டு வருடத்தில் ஏறியது இரண்டு மாதத்தில் இறங்காது.

நடுவில் ஓரிடத்தில் தராசு அசையாமல் நிற்கும். அநேகமாக எல்லா நாய்க்கும் வரும். இரண்டு தடவை தொடர்ந்து மாற்றம் இல்லையென்றால் முதலில் புண்ணாக்கு வாளியையும் பிள்ளைகளின் கிண்ணத்தையும் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வைத்தியரோடு பேசி, சோற்றில் மட்டும் ஒரு பங்கு, மொத்தத்தில் பத்து வீதம் அளவுக்குக் குறையுங்கள். இறைச்சியில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு நிறையையும் கலண்டரில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தத் தாளை வைத்தியரிடம் காட்டினால், 28 என்று நாங்கள் வைத்த இலக்கு சரியா, 30 போதுமா என்று அவர் விலாவைத் தடவிப் பார்த்துச் சொல்வார்.

இந்தக் கிழமை மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். வைத்தியரிடம் நேரம் எடுங்கள். அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று போத்தலால் அளந்து ஊற்றிப் பாருங்கள். 38 கிலோ நாய் நாலு லீற்றருக்கு மேல் குடித்தால் வைத்தியரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். இரவுச் சொதியை இன்றோடு நிறுத்திவிட்டு, பிட்டில் பாதியை எடுத்து அந்த இடத்தில் உப்பில்லாமல் அவித்த பூசணிக்காயை வையுங்கள். மற்றதெல்லாம் அவர் பார்த்தபின் தொடங்கலாம்.